அர்கால் என்றால் வறட்டி

ஜூலை 15, சுங்கை சிப்புட், மலேசியா

மங்கோலியாவுக்குப் போகும் யோசனை வாத்தியாருடையது. வாத்தியார் என்றால் என்னோடு படித்த நண்பன், இப்போது தமிழ்ப்பள்ளியில் வேலை பார்க்கிறான். அவன், அவன் மனைவி டீச்சர், நான், என் அலுவலக நண்பர் ஒருவர் என்று நாலு பேர் கணக்குப் போட்டு வண்டிக்கும் வழிகாட்டிக்கும் பணம் கட்டியாகிவிட்டது. பத்து நாள் இருக்கும்போது அலுவலக நண்பருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கட்டிய பணம் திரும்பாது என்றார்கள்.

"மாமாவக் கூட்டிட்டுப் போயேன், பாஸ்போர்ட் சும்மாதான கெடக்கு" என்றார் அம்மா.

மாமாவுக்கு அறுபத்தெட்டு வயது. பழனிக்குப் போக எடுத்த பாஸ்போர்ட் அது. தோட்டத்தில் முதலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்த பிறகு குலை வெட்டினார். ஆனால் ஊரில் மாட்டுக்காரர் என்று சொன்னால்தான் அவரைத் தெரியும். லயத்துக்குப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பின்னால் பதினாலு மாடு வைத்திருந்தார். இப்போது தாமானில் (குடியிருப்புப் பகுதி) மலிவு விலை வீடு, வாசலில் ஒரு துளசிச் செடி, அவ்வளவுதான். மாடுகள் போன கதையை அவர் பேசுவதில்லை.

விஷயத்தைச் சொன்னதும் ஒரே கேள்விதான் கேட்டார். "அங்க மாடு இருக்கா?"

"ஜனம் 3.5 மில்லியன். ஆடு, மாடு, குதிரை, ஒட்டகம் எல்லாம் சேத்தா 50 மில்லியனுக்கு மேல."

"அப்ப வரேன்."

ராத்திரி அவர் பையைத் திறந்து பார்த்தேன். சாடின் மீன் டின் எட்டு, நெத்திலி, மீன் கறித்தூள், இரண்டு கிலோ அரிசி, ஊறுகாய், ஒரு பொட்டலம் புகையிலை. புகையிலை எதற்கு என்றால் அட்டைக்காம். அங்கே அட்டை கிடையாது மாமா, புல்வெளி என்றேன். "புல்லுன்னா அட்டை இருக்கும்" என்று ஜிப்பை இழுத்து மூடிவிட்டார்.

ஜூலை 17, உலான்பாத்தர்

கடிகாரத்தைத் திருப்ப வேண்டிய வேலையே இல்லை. நமக்கும் அவர்களுக்கும் ஒரே நேரம்தான். ஆனால் இரவு ஒன்பது ஆகியும் இருட்டவில்லை. "இருட்டாம எப்படிச் சோறு திங்கிறது?" என்று மாமா அறை ஜன்னலிலேயே நின்றார்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்கு வர ஐம்பது கிலோமீட்டர்தான் தூரம், நெரிசலில் இரண்டரை மணி நேரம் போனது. எங்கு பார்த்தாலும் ஜப்பானிலிருந்து வந்த பழைய ப்ரியஸ் கார்கள். "ஸ்டேரிங் நம்ம பக்கம் இருக்கு, ரோடு வேற பக்கம் ஓடுது" என்று மாமாதான் முதலில் கவனித்தார். வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் வலப்பக்க ஸ்டேரிங். முந்துவதற்கு முன்னால் எப்படி எட்டிப் பார்ப்பார்களோ தெரியவில்லை.

நம் ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்) எண்ணூறு சொச்சம் துக்ரிக். கையில் கத்தை கத்தையாகப் பணம் வந்ததும் நாலு பேருக்கும் கொஞ்சம் மிதப்பு வந்துவிட்டது. நாலு கிண்ணம் சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு பில்லை வெள்ளிக்கு மாற்றிப் பார்த்ததும் அது இறங்கிவிட்டது.

வழிகாட்டி ஒரு கல்லூரிப் பெண். அவள் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. டீச்சர் "தங்கச்சி" என்று கூப்பிட ஆரம்பிக்க, அர்த்தம் கேட்டுவிட்டு அதுவே இருக்கட்டும் என்றாள். ஓட்டுநர் ஐம்பது வயதுக்காரர், பேச்சே கிடையாது. வண்டி சாம்பல் நிற ரஷ்ய வேன், அதை ஃபுர்கோன் என்கிறார்கள். பார்க்க ரொட்டி மாதிரி இருந்தது.

ஜூலை 18, மேற்கே போகும் சாலை

காலையிலிருந்து புல். மேடு, பள்ளம், மறுபடி புல். வேலி கிடையாது. மாமா ஒரு மணி நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒரு கேட் கூட இல்ல மாப்ள" என்றார். தோட்டத்தில் வளர்ந்தவருக்கு அதுதான் கண்ணில் பட்டிருக்கிறது.

மதியம் சாலையோரக் கடையில் ஹூஷூர். கையகலப் பொரித்த ரொட்டி, உள்ளே கொத்துக்கறி, ஒன்று 3,000 துக்ரிக். மாமா மாட்டுக்கறி தொடமாட்டார். தங்கச்சி உள்ளே போய் விசாரித்து வந்து "ஹோன்" என்றாள், ஆடு. அன்றிலிருந்து எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் மாமா முதலில் சொல்லும் வார்த்தை அதுதான். வணக்கம் சொல்லக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை, "ஹோன்?" என்றுதான் ஆரம்பிப்பார்.

கழிப்பறை விஷயத்தையும் எழுதத்தான் வேண்டும். மரம் இல்லை, புதர் இல்லை, வண்டி நின்றால் நாலு திசையும் திறந்த வெளி. ஆண்கள் மேட்டுக்கு அந்தப் பக்கம் போனோம். டீச்சர் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் பெரிய குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு போனார். சாகும்வரை அந்தக் குடையைத் தூக்கிப் போடமாட்டேன் என்று திரும்பி வந்து சொன்னார்.

மாலை எல்சென் தசர்காய் மணல்மேட்டோரம் கூடாரம் அடித்தோம். ஈப்போவில் 89 வெள்ளிக்கு வாங்கிய என் கூடாரம் கடற்கரைக்குப் பொருத்தமானது என்பது நடு இரவில் தெரிந்தது. வாடகைக்கு எடுத்த தூக்கப் பையில் ஜிப் பாதியில் நின்றுவிட்டது. மாமா பனியன், சட்டை, கைலி, ஸ்வெட்டர், அதற்கு மேல் மழைக்கோட்டு எல்லாம் போட்டுக்கொண்டு குறட்டை விட்டார். நான் தூங்கவில்லை.

ஜூலை 19, கார்கோரின்

ஒரு காலத்தில் செங்கிஸ்கான் வம்சத்தின் தலைநகர். இப்போது பெட்ரோல் நிலையம், நாலைந்து கடைகள், 1585இல் கட்டத் தொடங்கிய எர்தேன் ஜூ மடம். மடத்தைச் சுற்றிய சதுரச் சுவர் முழுக்க வெள்ளைத் தூபிகள், நூறுக்கு மேல். பழைய நகரம் இடிந்த கல்லை எடுத்துத்தான் மடத்தைக் கட்டினார்களாம்.

உங்கள் ஊர் எதற்குப் பெயர் போனது என்று தங்கச்சி கேட்டாள். 1948 ஜூன் 16 அன்று எங்கள் ஊர்ப் பக்கத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைச் சுட்டார்கள், அதிலிருந்து நாடு முழுக்க அவசரகாலம், அது 1960 வரை நீண்டது என்று வாத்தியார் பாடம் எடுத்தான். அதற்குப் பிறகு என்று கேட்டாள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை என்றான். எங்கள் ஊரும் அப்படித்தான் என்று சிரித்தாள்.

வெந்நீர்க் குளியல் ஆளுக்கு 8,000 துக்ரிக். அடுத்த ஐந்து நாளுக்குக் குளியல் இல்லை என்று சொல்லித்தான் காசை வாங்கினார்கள்.

ஜூலை 20, ஓர்கோன் பள்ளத்தாக்கு

நூற்றிச் சொச்சம் கிலோமீட்டர், ஏழு மணி நேரம். சாலை என்று ஒன்று இல்லை, முந்தைய வண்டிகளின் தடம்தான். வழியெல்லாம் எரிமலைக் கல். ஒரு ஆற்றைக் கடக்கும்போது வண்டி நடுவில் நின்றுவிட்டது. எங்கிருந்தோ குதிரையில் இரண்டு பையன்கள் வந்தார்கள், பெரியவனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கலாம். ஓட்டுநரோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய், டிராக்டரோடு அவர்கள் அப்பாவைக் கூட்டி வந்தார்கள். இழுத்து விட்டதற்குப் பணம் நீட்டினோம். அவர் வாங்கவில்லை. ஓட்டுநர் ஒரு பாக்கெட் சிகரெட் கொடுத்தார், அதை வாங்கிக்கொண்டார். எங்களைக் கேட்டிருந்தால் நாங்களும் அதையே செய்திருப்போமே என்று இருந்தது.

நாங்கள் தங்கப்போகும் குடும்பத்தின் கெர்களை ஒரு கிலோமீட்டர் தூரத்திலேயே பார்த்துவிட்டோம். கெர் என்பது கம்பளிப் போர்வை போர்த்திய வட்ட வீடு. வண்டி நின்றதும் மூன்று பெரிய நாய்கள் பாய்ந்து வந்தன. தங்கச்சி கதவைத் திறக்காமலே "நொஹோய் ஹோர்!" என்று கத்தினாள். என்ன அர்த்தம் என்று கேட்டோம். நாயைப் பிடியுங்கள் என்று அர்த்தமாம். நாய் இல்லாத வீட்டிலும் வாசலில் நின்று இப்படித்தான் கூப்பிடுவார்களாம். மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. லயத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் "நாயப் பிடிங்கம்மா" என்றுதானே நிற்போம்.

உள்ளே போகுமுன் தங்கச்சி விதிகளைச் சொன்னாள். வாசற்படியை மிதிக்கக் கூடாது. கொடுப்பதை வலக்கையால் வாங்க வேண்டும். அடுப்பு நெருப்பில் குப்பை போடக் கூடாது. உள்ளே சீட்டி அடிக்கக் கூடாது. "இதெல்லாமா பாடம் நடத்தணும்?" என்று மாமா தமிழில் முணுமுணுத்தார். நடுவில் நிற்கும் இரண்டு கம்பத்துக்கு இடையே போகக் கூடாது என்பது மட்டும்தான் அவருக்குப் புதிது. படியை மிதிக்காமல் காலை உயர்த்திய வாத்தியார் தலையை நிலையில் இடித்துக்கொண்டான்.

உப்புப் போட்ட பால் தேநீர் வந்தது. அதன் முழுப் பெயரை இங்கே எழுதினால் நம் ஊர் ஆட்கள் சிரிப்பார்கள். இரண்டாவது வார்த்தை சாய், அதோடு நிறுத்திக்கொள்கிறேன். வீட்டுக்கார அம்மா பெரிய சட்டியில் கொதிக்கும் தேநீரைக் கரண்டியால் அள்ளி ஒரு முழம் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றினார். எங்கள் ஊரில் தே தாரிக் (இழுத்து ஊற்றும் டீ) போடுகிற அதே கை. முதல் வாய்க்கு உப்புக் கஞ்சி மாதிரி இருக்கிறது. குளிரில் மூன்றாவது கிண்ணத்தை நாமே கேட்கிறோம்.

ஜூலை 21, அதே இடம்

நாலரைக்கு விழிப்பு வந்தபோது மாமாவின் படுக்கை காலி. பெரட்டுக்கு (தோட்டத்தில் விடிகாலை ஆள் கணக்கெடுப்பு) எழுந்த பழக்கம், எந்த நாட்டில் படுத்தாலும் போகாது. வெளியே வந்தால் ஒரே பனி ஈரம், மூக்கு நுனி வலிக்கிற குளிர். தூரத்தில் மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்து யாக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்த நேரத்திலிருந்து ஒரு பெரிய விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. யாக் மாடா, இல்லையா? மாடு இல்லை என்றால் அதன் கறியைச் சாப்பிடலாம் என்பது வாத்தியாரின் வாதம். மாமா ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார். "கொம்பு இருக்கு, அசை போடுது, கன்னு குட்டி முட்டுனா மடி எறங்குது. மயிரு நீளமா இருந்தா மாடு இல்லேன்னு ஆயிருமா?" வழக்கு முடிந்தது.

வெளிச்சம் வந்ததும் வீட்டுக்கார அம்மா வாளியோடு வந்தார். கன்றை அவிழ்த்துவிட்டு, நாலு முட்டு முட்ட விட்டு, பால் சுரந்ததும் இழுத்துக் கட்டிவிட்டுக் கறக்கிறார். அப்படியே நம் ஊர் முறை. மாமாவுக்குக் கை பரபரத்தது. தங்கச்சி மூலமாகக் கேட்டார். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அங்கே மாடு கறப்பது பெண்கள் வேலை. ஆனாலும் வாளியைத் தந்தார்.

மாமா உட்கார்ந்து நெற்றியை யாக்கின் விலாவில் சாய்த்தார். கை வைத்ததும் திகைத்துவிட்டார். காம்பு விரல் நீளம்கூட இல்லை. முழுக் கையால் பிடித்துக் கறந்து பழகியவர், கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துத் தடவிப் பிடித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் வாளியில் அந்தச் சத்தம் கேட்டது. எத்தனை வருஷம் கழித்து என்று நான் கேட்கவில்லை. அவரும் முகத்தைத் திருப்பவில்லை.

ஒரு மாட்டுக்கு வேளைக்கு ஒரு லிட்டர் தேறினால் பெரிது. ஆனால் கொழுப்பு அதிகம். பாலைக் காய்ச்சி, கரண்டியால் தூக்கித் தூக்கி ஊற்றி நுரைக்கவிட்டு, ராத்திரி முழுக்க அப்படியே விட்டால் மறுநாள் மேலே விரல் கனத்துக்கு ஆடை படிகிறது. ஓரோம் என்கிறார்கள். மடித்து எடுத்து ரொட்டியில் வைத்துத் தருகிறார்கள். அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம், எழுதினால் இப்போதே பசிக்கும்.

மதியம் அந்த வீட்டுப் பாட்டி முதுகில் ஒரு கூடையை மாட்டிக்கொண்டு, கையில் நீளமான மரக் கவையோடு கிளம்பினார். புல்லில் காய்ந்து கிடப்பதைக் கவையால் அள்ளி, தோளுக்கு மேலே வீசுகிறார். திரும்பிப் பார்ப்பதே இல்லை, ஒவ்வொன்றும் கூடையில் விழுகிறது. மாமா பின்னாலேயே போய் ஒன்றை எடுத்து, உடைத்து, முகர்ந்தார்.

"வறட்டி மாப்ள!"

"அர்கால்" என்றார் பாட்டி.

"வறட்டி" என்றார் மாமா.

இப்படி மாற்றி மாற்றி நாலு தடவை, வாத்தியார் வகுப்பில் நடக்கிற மாதிரி. மாமாவுக்கு ஆச்சரியம் என்னவென்றால் இவர்கள் தட்டுவதில்லை, சுவரில் அப்புவதில்லை, திருப்பிப் போடுவதில்லை. காற்றே காயவைத்துக் கொடுத்துவிடுகிறது. சுங்கை சிப்புட் மழைக்கு அது நடக்குமா? திருநீற்றுக்காக அவர் அம்மா தகரக் கூரை மேல் நாலு வறட்டி காயவைத்தால், மத்தியான மழை வந்து கரைத்துக்கொண்டு போகும். அடுப்புக்கு எப்போதும் பால்மர விறகுதான்.

சாயங்காலம் ஈ மொய்த்தபோது பாட்டி அர்காலைப் புகைய விட்டார். மாட்டுக் கொட்டகையில் மூட்டம் போட்ட அதே வாசனை. எனக்கே ஏழு வயதாகிவிட்டது.

ஜூலை 22, ஆலங்கட்டி

மூன்று மணிக்கு வெயில். மூன்றே காலுக்குக் கோலிக்குண்டு அளவில் ஆலங்கட்டி. என் 89 வெள்ளிக் கூடாரம் ஆற்றுப் பக்கம் உருண்டு போனதைக் கெர் வாசலிலிருந்து பார்த்தேன். மீட்கப் போகவில்லை. பையன்கள் இருவரும் அந்த மழையில் குதிரை ஏறி ஆடுகளைத் திருப்பப் போனார்கள். அதைப் பார்த்த பிறகு கூடாரத்துக்காக வருத்தப்பட வெட்கமாக இருந்தது.

அன்றிரவு எல்லோரும் ஒரே கெருக்குள். பக்கத்துக் கெர் தாத்தா வந்து மாமாவிடம் மூக்குப்பொடிக் குப்பியை நீட்டினார். எடுத்ததும் செய்கிற மரியாதை அது. மாமாவின் தாத்தா பொடி போடுகிறவர் என்பதால் தும்மாமல் இழுத்தார். பதிலுக்கு அட்டைக்கு வைத்திருந்த புகையிலைப் பொட்டலம் கைமாறியது.

வீட்டுக்காரர் அப்போதுதான் கொஞ்சம் பேசினார். 2023-24 குளிர்காலத்துக்கு முன்னால் அவரிடம் முந்நூறு ஆடு. பின்னால் நூற்றுப் பத்து. ஸுத் என்கிறார்கள். கோடையில் மழை பொய்த்தால் ஆடு மாடு மெலிந்தே குளிருக்குள் போகும். அப்புறம் பனி கொட்டும். நடுவில் ஒரு நாள் இளகி மறுநாள் உறைந்தால் புல்லின் மேல் கண்ணாடி போலப் பனிக்கட்டி மூடிவிடும், குளம்பால் உடைக்க முடியாது. கண்ணுக்கு முன்னால் புல் இருக்க, பட்டினியில் விழும். நாடு முழுக்க அந்த ஒரு குளிரில் 7 மில்லியனுக்கு மேல் செத்தன. ஆட்டை ஈடு காட்டி வாங்கிய வங்கிக் கடன் மட்டும் சாகவில்லை, வசந்தத்தில் காஷ்மீர் ரோமம் சீவி விற்று அடைக்க வேண்டும்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அடுப்பில் அர்கால் சரிகிற சத்தம்தான்.

அப்புறம் மாமா, கேட்காமலே, தன் கதையைச் சொன்னார். அவர் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொல்ல, தங்கச்சி மங்கோலியத்தில் சொன்னாள். தோட்டம் கைமாறியது. ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். கன்றுப் பனையின் மட்டையை மாடு கடித்துவிடும் என்று ஒரு மாதத்தில் மாட்டை வெளியேற்றச் சொல்லி நோட்டீஸ். வியாபாரி லோரியில் இரண்டு நடை.

வீட்டுக்காரர் ஒன்று கேட்டார். தங்கச்சி தயங்கிவிட்டு எங்களிடம் சொன்னாள். "அவை என்ன நிறம் என்று கேட்கிறார்."

மாமா விரல் விட்டுச் சொன்னார். செவலை மூணு. மயிலை நாலு. காரி ரெண்டு. பில்லை மூணு. ஒன்றுக்கு நெற்றியில் சுட்டி, ஒன்றுக்கு வால் மட்டும் வெள்ளை. பதினாலும் வந்துவிட்டன. சிவப்பு, சாம்பல் என்று என் ஆங்கிலம் பாதியிலேயே நின்றுவிட்டது. வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. மாமாவின் விரலைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

புல் யாருடையது என்று அடுத்துக் கேட்டார். கம்பெனியுடையது என்றார் மாமா. தங்கச்சி அதை மொழிபெயர்க்காமல் என்னிடம் மறுபடி கேட்டாள். மேய்ச்சல் நிலம் தனியாருக்குச் சொந்தமாகக் கூடாது என்று அவர்கள் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறதாம். தான் தப்பாகக் கேட்டுவிட்டதாக அவள் நினைத்திருக்கிறாள்.

ஜூலை 23

வாத்தியார் முந்தின நாள் நாலு கிண்ணம் ஐராக் குடித்ததன் பலனை இன்று அனுபவித்தான். குதிரைப் பாலைத் தோல் பையில் ஊற்றி ஆயிரம் தடவை கடைந்து புளிக்க வைப்பது. லேசான போதை, கள் மாதிரி ஒரு புளிப்பு. கள் மாதிரி இருக்கிறதே என்பதுதான் அவன் செய்த தப்பு. டீச்சரின் குடை கைமாறியது.

நாங்கள் ஆட்டுக்குப் பணம் கொடுத்தோம், அவர்கள் ஹோர்ஹோக் செய்தார்கள். ஆற்றுக் கல்லை நெருப்பில் பழுக்கவைத்து, பால் கேனுக்குள் கறி, உருளைக்கிழங்கு, கேரட்டோடு அடுக்கி மூடுகிறார்கள். வெந்ததும் கொழுப்பு வழியும் சுடு கல்லை ஆளுக்கொன்று கையில் தருகிறார்கள், மாற்றி மாற்றி உருட்ட வேண்டும், உடம்புக்கு நல்லதாம். மசாலா இல்லை, உப்பு மட்டும். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஐந்தாவது நாளாக உப்பு மட்டும்.

அதனால் சாயங்காலம் மாமா சாடின் கறி வைத்தார். பெரிய பையன் ஒரு வாய் வைத்துவிட்டு வெளியே ஓடி, தண்ணீர் குடித்துவிட்டு, திரும்பி வந்து தட்டை நீட்டினான். பாட்டி மீன் பக்கம் திரும்பவில்லை, சோற்றில் தயிர் ஊற்றிச் சாப்பிட்டார். மாமாவும் கடைசியில் அதற்கே வந்தார். தயிரும் ஊறுகாயும்.

ஜூலை 24

கிளம்பும்போது வீட்டுக்கார அம்மா ஒரு கிண்ணம் பாலும், ஒன்பது குழி செதுக்கிய மரக் கரண்டியுமாக வந்தார். வண்டி நகர்ந்ததும் பின்னால் நின்று பாலை அள்ளி அள்ளி எங்கள் பக்கம் தெளித்தார். மாமா நின்று கும்பிட முயன்று வேன் கூரையில் இடித்துக்கொண்டார். வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைக்காத குறை தீர்ந்தது என்று ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார்.

ஜூலை 29, சுங்கை சிப்புட்

இறங்கியதும் சட்டை ஒட்டிக்கொண்டது. மாமாவுக்குக் கொடுத்தனுப்பிய ஆரூல் ஒரு பை இருக்கிறது. தயிரைப் பிழிந்து வெயிலில் கல்லாகக் காயவைத்தது. டீக்கடையில் ஆளுக்கொன்று கொடுத்தார். ஒருவர் கடித்துவிட்டு, "என்னா லா இது, ரோடு போட வச்சிருக்கிறதா?" என்று பல்செட்டைச் சரிபார்த்தார். மாமா பால் இல்லாத தே ஓவில் முக்கிச் சப்பிக் காட்டினார். யாரும் பின்பற்றவில்லை.

அப்புறம் என் மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டு, ஊர்க் கடைசியில் இன்னும் ஏழெட்டு மாடு வைத்திருக்கும் அவர் பழைய கூட்டாளி வீட்டுக்கு விடச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். ஓரோம் காய்ச்சுகிற முறையைச் சொல்ல வேண்டுமாம், நாலு லிட்டர் பாலும் வாங்க வேண்டுமாம். கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் நிற்க, அந்தப் பக்கம் இரண்டு நாய் குரைத்துத் தள்ளியது. மாமா வாயருகே இரண்டு கையையும் குவித்துக்கொண்டார்.

"நொஹோய் ஹோர்!"

கொட்டகைக்குள்ளிருந்து குரல் வந்தது. "யாரு லா அது?"